செருப்பை உள்ளே விடுகிறவன்

எங்கள் வீட்டில் ஒரு இன்ஸ்பெக்டர் இருந்தாள், எங்களில் ஒருத்திதான். காக்கிச் சட்டையும் இல்லை, தொப்பியும் இல்லை, கையில் ஒரு டார்ச் லைட் மட்டும். மாடிப்படி முடிகிற இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஏறி வருகிற ஒவ்வொருத்தனையும் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் டார்ச் அடித்துப் பார்ப்பாள். புண் இருக்கிறதா, கொப்புளம் இருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி பார்த்து முடித்து, அவன் கையில் ஒரு ஆணுறையைத் திணிப்பாள். அதெல்லாம் எனக்குப் பழக்கமில்லை என்று எவனாவது இழுத்தால் வந்த வழியைக் காட்டுவாள். ஏறி வந்த படிதான், இறங்கவும் அதுவே போதும் என்பாள்.

கீழே மெத்தைக் கடை. மேலே நாங்கள். தலையணை வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு எத்தனை பெரிய மனிதர்கள் அந்தப் படியில் ஏறியிருக்கிறார்கள் தெரியுமா? தலையணை வாங்கிப் போனவனை மட்டும் நான் பார்த்ததில்லை. மாடியில் பலகை வைத்துத் தடுத்த அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், ஒரு வாளி, ஒரு கண்ணாடி. ஒரு அறையில் தும்மினால் அடுத்த அறையில் நூறு ஆயுசு என்பார்கள். வீட்டை நடத்தியவள் பெரியக்கா. எனக்கு மிளகாய் என்று பேர். வாயைத் திறந்தால் எரிகிறதாம். எரியட்டும்.

முன்பெல்லாம் இவள் மாட்டேன் என்றால் அவள் என்று ஆண்கள் அறை மாறுவார்கள். உறை வேண்டாம் என்கிறவனை நான் துரத்தினால் பக்கத்து அறைக்காரி ஏற்றுக்கொள்வாள். அவளைச் சொல்லி என்ன, போன வாரம் அவள் துரத்தியவனை நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். எங்கள் பிழைப்பில் ஓட்டை எங்கே இருந்தது என்றால் இங்கேதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு மத்தியானம் எல்லாரையும் தரையில் உட்கார வைத்து, ஒருத்தி மாட்டேன் என்றால் எல்லாரும் மாட்டேன் என்கிற பேச்சு என்று முடித்தாள். அடுத்த நாளே ஒரு தடியன் அறை அறையாகத் தட்டிப் பார்த்தான். அவன் போகிற வேகத்துக்கு முன்னால் பலகைச் சுவரில் எங்கள் தட்டல் போனது. எல்லாக் கதவிலும் ஒரே பதிலைக் கேட்டுவிட்டு, கடைசியில் திரும்ப வந்து ஸ்டூலுக்கு முன்னால் நின்று உறைக்குக் கையை நீட்டினான் பாருங்கள், அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழே மெத்தைக் கடைக்காரர் கணக்கை விட்டுவிட்டு மேலே பார்த்தார்.

இனிச் செருப்பு விஷயத்துக்கு வருகிறேன். அது தெரியாவிட்டால் இந்தக் கதை புரியாது. காசுக்கு வருகிறவன் செருப்பை ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருக்கும் மரத்தட்டில் விட வேண்டும். எங்களில் பலருக்கும் ‘எங்க ஆளு’ என்று ஒருத்தன் இருந்தான். காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கி வருகிறவன், பல்ப் போனால் மாட்டித் தருகிறவன். அவன் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துவந்து அவள் கட்டிலுக்கு அடியில் விடுவான். செருப்பு உள்ளே போய்விட்டால் அவன் வாடிக்கை இல்லை, வீட்டு ஆம்பளை. அவனுக்கு டார்ச் கிடையாது, உறையும் கிடையாது. உறை எங்களுக்கு வேலைக்குப் போடுகிற சட்டை. வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி, எங்கள் ஆள் வந்தால் அதை ஒதுக்கி வைத்துவிடுவோம். அவனிடம் போய் உறையை நீட்டினால் நீயும் வாடிக்கைதான் என்று முகத்தில் அறைந்த மாதிரி. அத்தனை கறாரான இன்ஸ்பெக்டருக்கும் இதில் ஒரு கோளாறும் தெரியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்.

அவளுடைய ஆள் பெயின்டர். உயரமான கட்டடங்களில் சாரம் கட்டித் தொங்கிக்கொண்டு சுவருக்கு வண்ணம் அடிக்கிறவன். எங்கே பார்த்தாலும் நகக்கண்ணில் ஒரு நிறம் இருக்கும். அதிர்ந்து பேச மாட்டான். இன்ஸ்பெக்டரின் அறைக்கு மட்டும் வான நீலத்தில் அடித்துக் கொடுத்திருந்தான், நாங்கள் எல்லாம் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டோம்.

அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை உண்டாகி, எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. பையன். அழாமலே பிறந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் இரண்டு நாள் படுத்திருந்தாள், மூன்றாம் நாள் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஆறுதல் சொல்லப் போன பெரியக்காவை ஒரு பார்வை பார்த்தாள், அதோடு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாங்களும் வாங்கி வந்த வரம் என்று சொல்லி மூடிவிட்டோம். தெரியாததை எல்லாம் தலையெழுத்து என்று சொல்லிவிடுவது எத்தனை சௌகரியம்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி வயிறு. அவள் அறைக்குத் தொழிலுக்குப் போவதை நிறுத்திவிட்டு ஸ்டூல் வேலையை மட்டும் பார்த்தாள். ஒரு கையில் டார்ச் இருக்கும், இன்னொரு கை வயிற்றின் மேல் இருக்கும். இந்தப் பிள்ளை அழுதுகொண்டு பிறக்க வேண்டும், அவளுக்கு அதைத் தவிர உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக். புதன்கிழமை மத்தியானம் எங்களுக்கென்று ஒதுக்கிய நேரம். அங்கே இருந்த நர்ஸம்மா எங்களை நிற்க வைத்துப் பேசாதவர், அதற்காகவே அவரிடம் போவோம். மாசமாக இருக்கிறவள் சோதனைக்கு ரத்தம் கொடுத்தே ஆக வேண்டும் என்று இன்ஸ்பெக்டரிடம் எடுத்திருந்தார். முடிவைக் கேட்கப் போனபோது நானும் துணைக்குப் போனேன்.

எய்ட்ஸ் கிருமி இல்லை என்று முதலில் சொன்னார். இன்ஸ்பெக்டர் அது தெரிந்த விஷயம்தானே என்கிற மாதிரி தலையாட்டினாள். பிறகு நர்ஸம்மா நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஆனா சிபிலிஸ் இருக்கும்மா. மேகப்புண்ணுன்னு சொல்வாங்களே, அது. ஊசியில போயிடும், பயப்படாதே.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டாள். வேறு யாருடைய ரத்தத்தையோ மாற்றிப் பார்த்துவிட்டீர்கள் என்றாள். டார்ச் அடிக்காமல் ஒரு ஈ கூட எங்கள் மாடியில் நுழைந்ததில்லை என்றாள். நர்ஸம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தப் புண் வலிக்காது, சில வாரத்தில் தானே ஆறியும் போய்விடும், ஆறின பிறகு ரத்தத்தில் இருந்துகொண்டு பல வருஷம் சத்தம் போடாமல் இருக்கும், டார்ச் வெளிச்சம் தோல் வரைக்கும்தான் போகும் என்றார். உறை போட்டிருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கும், உறை இல்லாமல் யாராவது உண்டா என்று கேட்டார்.

“யாருமே இல்ல சிஸ்டர்.”

அவள் அதை மனதாரச் சொன்னாள். பொய் சொல்கிற முகமே இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“அப்ப பெயின்டர் யாருடி, உன் சித்தப்பனா?” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அவள் முகத்தில் ஏறியது. அப்படியே எழுந்து போய்விடுவாளோ என்று பயந்தேன். போகவில்லை. முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு, போன பிள்ளையைப் பற்றித் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை பேசாதவள் அங்கே எல்லாவற்றையும் சொன்னாள், அவன் தலைமுடி எப்படி இருந்தது என்பது வரைக்கும்.

நர்ஸம்மா அதையும் அட்டையில் குறித்துக்கொண்டார். அது இதனால்தான் என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இதனால் இருக்கலாம் என்றார். இந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடியும் என்றும் சொன்னார். வாரம் ஒன்றாக மூன்று ஊசி, ஒரு வாரம் தள்ளினாலும் மறுபடி முதலிலிருந்து. அம்மாவுக்குப் போடுகிற மருந்து வயிற்றுக்குள்ளேயும் போய்ச் சேரும். ஆனால் அவரும் ரத்தம் கொடுத்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நீ ஒரு பக்கம் துடைக்க அவர் ஒரு பக்கம் பூசுகிற கதைதான் என்றார்.

முதல் ஊசியை அன்றைக்கே போட்டுக்கொண்டாள். வழியெல்லாம் நொண்டிக்கொண்டே வந்தவள், தெரு முனையில் என் கையைப் பிடித்து நிறுத்தி, போன பிள்ளை விஷயத்தை அவரிடம் சொல்லிவிடாதே, அவருக்குத் தாங்காது என்றாள். தலையாட்டினேன். தலைதான் ஆட்டியது, வாய் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

சாயங்காலம் பெயின்டர் வந்தான். செருப்பு கட்டிலுக்கு அடியில் போனது. பலகைச் சுவர் ஆனதால் நாங்கள் காதை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பிள்ளைக்கு ஆபத்தா என்று முதலில் பதறினான், அது எனக்குப் பிடித்திருந்தது. ஊசி என்றதும் குரல் மாறியது. எனக்கு என்ன வியாதி, பத்து மாடி உயரத்தில் தொங்குகிறவன் உடம்பு இது என்றான். எப்போதோ ஒரு புண் வந்ததாம், வலிக்கவே இல்லையாம், ஏதோ களிம்பு பூசினானாம், போய்விட்டதாம். போனதற்கு இப்போது எதற்கு ஊசி என்று கேட்டான்.

“என்னையும் வாடிக்கை ஆக்கிட்டியா நீ?”

“ஊசி போட்டுக்கோ. அது வரைக்கும் என் பக்கத்துல வராதே.”

அவன் போகிற சத்தம் கேட்டது. அவள் அழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அது கேட்கவில்லை. பிறகு எட்டிப் பார்த்தால், நீலச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தான். வாங்கி வந்த பழப் பை ஒரு கையில், செருப்பு ஒரு கையில். சண்டை எல்லாம் முடிந்துபோன மாதிரி சிரித்துக்கொண்டு ஸ்டூலைத் தாண்டப் பார்த்தான்.

“செருப்பைத் தட்டுல விடு,” என்றாள் இன்ஸ்பெக்டர்.

மாடியில் இருந்த எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டோம். அங்கே அதைவிடக் கடுமையான சொல் கிடையாது. ஒருத்தனைப் பார்த்து நீ எனக்கு யாருமில்லை என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. அவன் நம்பாமல் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை, ஆனால் மடியில் இருந்த டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவனை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். பிடிக்காதவனைத் துரத்த யாருக்கு வேண்டுமானாலும் தைரியம் வரும். அவன் பழப் பையைத் தரையில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடியே வெறுங்காலோடு இறங்கிப் போனான்.

பெரியக்கா வந்து கத்தினாள். இந்தத் தெருவில் இப்படி ஒருத்தன் கிடைப்பது குதிரைக்கொம்பு, கிளினிக் பேச்சைக் கேட்டு அவனைத் துரத்துகிறாயே, நாளைக்குப் பிள்ளைக்கு அப்பன் யாரென்று கேட்டால் நர்ஸைக் கைகாட்டுவாயா என்றாள்.

“புருஷன் போனா இன்னொருத்தனைத் தேடிக்கலாம்க்கா. போன பிள்ளையை நான் எங்க போய்த் தேடுறது?”

பெரியக்கா தரையில் கிடந்த பழப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேராக என் அறைக்குப் போனேன். என் ஆள், தையல்காரர், கட்டிலில் சாய்ந்துகொண்டு எனக்கு ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். அவர் செருப்பைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன், கொண்டுபோய்த் தட்டில் வைத்தேன். நான் என்ன பண்ணினேன் என்று ஊசியும் கையுமாகப் பின்னாலேயே வந்தார். நீ ஒன்றும் பண்ணவில்லை, ரத்தம் கொடுத்துவிட்டு வா என்றேன். என்னைப் பார்த்து அடுத்த அறைக்காரி, அவளைப் பார்த்து அதற்கு அடுத்தவள். இருட்டுவதற்குள் எல்லாச் செருப்பும் தட்டுக்கு வந்துவிட்டது. தட்டில் இடம் போதாமல் கீழ்ப்படியில் எல்லாம் அடுக்கினோம்.

மறுநாள் எங்கள் ஆட்கள் எல்லாரும் மெத்தைக் கடையில் கூடினார்கள். சுருட்டி வைத்த மெத்தைகள் மேல் உட்கார்ந்துகொண்டு மாநாடு போட்டார்கள். பொம்பளைகளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். யாரும் கிளினிக் பக்கம் போகக் கூடாது, ஒரு வாரத்தில் தானே வழிக்கு வருவார்கள் என்று பேசி முடித்தார்களாம். இதைத் தலைமை தாங்கிச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? என் தையல்காரர்தான். அவரே மறுநாள் காலையில் முகத்தில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு கிளினிக்குக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ஒன்றுமில்லை என்று முடிவு வந்ததும் துண்டை எடுத்துவிட்டு, கையில் ஒட்டிய பஞ்சைத் தெருவில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நடந்தார். ஒன்றுமில்லாதது நல்லது, இனியும் ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லி நான் ஒரு உறையை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். மனிதர் முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே.

பெயின்டர் மட்டும் அசையவில்லை.

இரண்டாவது ஊசிக்கு இன்ஸ்பெக்டரை இன்னொருத்தி கூட்டிக்கொண்டு போனாள். நான் ஏதோ வாங்கக் கீழே இறங்கினால், மெத்தைக் கடை வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். மேலே வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நிற்கிறான் என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் எப்படி இருக்கிறாள், சாப்பிடுகிறாளா என்று கேட்டான். இரண்டாவது ஊசிக்குப் போயிருக்கிறாள், நிற்க முடியாத வலி, பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொள்கிறாள் என்றேன். அவன் அதற்கு, அவள்தான் பிடிவாதம் பிடிக்கிறாள், நான் என்ன செய்ய என்றான். அவ்வளவுதான், என் வாய் கட்டை அவிழ்த்துக்கொண்டது.

“போன பையன் எதுல போனான்னு நினைச்சுக்கிட்டிருக்கே?”

“எதுல?”

நர்ஸம்மா சொன்னதைச் சொன்னேன். இருக்கலாம் என்றுதான் சொன்னார், அதனால் நானும் இருக்கலாம் என்றுதான் சொன்னேன். என் ஜென்மத்தில் ஒரு பேச்சை உப்புப் புளி சேர்க்காமல் சொன்னது அன்றைக்குத்தான். அவன் பின்னால் நகர்ந்து ஒரு மெத்தைச் சுருட்டின் மேல் உட்கார்ந்தான். கடைக்காரர் எதையோ கேட்டார், அது அவன் காதில் விழவில்லை.

“அவளுக்குத் தெரியுமா?” என்றான்.

“தெரியும். உனக்குத் தாங்காதுன்னு சொல்லல.”

எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு வாரம் ஆளைக் காணோம். வேலை செய்கிற கட்டடத்தில் விசாரித்தால் வந்து போகிறான் என்றார்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை. ஓடிவிட்டான் என்றாள் பெரியக்கா. இன்ஸ்பெக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச்சுக்குப் பேட்டரி மாற்றினாள். நான் அவனிடம் சொல்லிவிட்டேன் என்பதை அவளிடம் சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கிடந்தேன். சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அது அவனுடைய பிள்ளையும்தான்.

மூன்றாவது ஊசிக்கு நானே கூட்டிப்போனேன். கிளினிக் நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே திரைக்குப் பின்னால் யாரையோ கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் நர்ஸம்மா. தளர விடுங்கள், இறுக்கினால் இன்னும் வலிக்கும், போன வாரம் மாதிரி மயங்கிவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறை. அடுத்த நொடி ஒரு அலறல். கட்டில் கம்பி ஆடியது. நான் சிரிக்க வாயெடுத்தேன், இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டாள். திரைக்கு அடியில் இரண்டு பாதம் தெரிந்தது. கணுக்காலில் வான நீலச் சொட்டு.

அவள் திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள். பத்து மாடி உயரத்தில் காற்றில் ஆடுகிறவன், கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்துப் படுத்திருந்தான். நான் சொன்ன அன்றைக்கே, இன்ஸ்பெக்டர் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வெளியே போன கொஞ்ச நேரத்துக்குள் ஓடி வந்திருக்கிறான். ரத்தத்தில் இருப்பதாகத் தெரிந்து, அன்றைக்கே முதல் ஊசிக்குப் படுத்து, ஊசியைப் பார்த்ததுமே மயங்கியிருக்கிறான். மானம் மரியாதை என்று அத்தனை நாள் பேசியதில் முக்கால்வாசி இந்தப் பயம்தான் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. மீதியை அவன்தான் சொல்ல வேண்டும்.

“இன்னும் ஒண்ணு பாக்கி,” என்றான், தலையைத் தூக்காமலே. “அதையும் முடிச்சிட்டு உன் முன்னால வரலாம்னு இருந்தேன்.”

 அவள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கம்பியிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தன் கையைக் கொடுத்தாள். நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பி ஊசிக்குப்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

முடிந்ததும் வந்தால் செருப்பை எங்கே விடுவது என்று அவன் மெல்லக் கேட்டான்.

“தட்டுலதான். இனிமே எல்லாரோடதும் தட்டுலதான். நீ மட்டும் உள்ள வா.”

அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம் ஆனது. யாருக்கும் விலக்கு இல்லை, உறைக்கும் விலக்கு இல்லை. பிரியம் இருக்கிறவனுக்குத்தான் முதலில் போட வேண்டும், பிரியம் இல்லாதவன் எப்படிப் போனால் நமக்கென்ன என்று இன்ஸ்பெக்டர் தெருவில் எல்லா வீட்டிலும் ஏறிச் சொன்னாள். டார்ச் வெளிச்சம் தோல் வரைக்கும்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். வயிறு தள்ளிக்கொண்டு படி ஏறி வந்து ஒருத்தி சொன்னால் யார் தட்ட முடியும்? மெத்தைக் கடையில் மாநாடு போட்டவர்கள் ஒவ்வொருத்தராகக் கிளினிக் நடையில் தட்டுப்பட்டார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார்கள். எங்களுக்கு ஒதுக்கிய நேரம் போதாமல் நர்ஸம்மா இன்னொரு நாளையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

பிரசவ அறைக்கு வெளியே நானும் பெயின்டரும் நின்றோம். எட்டாம் மாதத்தைத் தாண்டியதிலிருந்தே எங்கள் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. கதவு மூடியிருந்தது. உள்ளே அவள் கத்துவது கேட்டது, பிறகு அதுவும் நின்றது. அந்த நேரத்தை நான் எப்படிச் சொல்வேன்? அவன் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான். நான் வேண்டாத தெய்வமில்லை, திட்டாத தெய்வமும் இல்லை. அப்புறம் ஒரு அழுகை. பூனை மாதிரி, கிள்ளிவிட்ட மாதிரி, தெருச் சண்டைக்கு வந்தவள் மாதிரி நல்ல ஆங்காரமான அழுகை. “அழுதுடுச்சு,” என்றான் பெயின்டர். தெரிந்ததைத் தெரிவிக்கிற மாதிரி நடையில் போகிறவர்களிடம் எல்லாம் அதையே சொன்னான்.

பெண் பிள்ளை. ஆனால் கதை முடியவில்லை. அம்மாவின் ரத்தத்தில் வியாதி விட்டுப்போன சுவடு பிள்ளையிடமும் தெரியும், அது வியாதியா வெறும் சுவடா என்று சில மாதம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பிள்ளை பால் குடித்தது, உதைத்தது, எல்லாரையும் முறைத்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் தடிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று அதன் உள்ளங்காலையும் உள்ளங்கையையும் தினமும் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கிற பிள்ளையைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. முடிவு வந்த பிறகு சிரிக்கலாம் என்று எடுத்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

கடைசி முடிவு வந்த அன்றைக்கு மாடியில் பாதிப் பேர் கிளினிக் நடையில் இருந்தோம். பெரியக்காவும் வந்திருந்தாள், வழியில் வந்ததாகச் சொன்னாள். பத்து வருஷமாக அவள் அந்த வழியில் வந்ததே இல்லை. பெயின்டர் ஊசி வாசனை ஆகாது என்று வாசற்படியோடு நின்றுகொண்டான். நர்ஸம்மா வெளியே வந்தார்.

“பிள்ளை ரத்தத்துல ஒண்ணுமில்லம்மா. சுத்தமா இருக்கு.”

“இன்னொரு தடவை சொல்லுங்க சிஸ்டர்,” என்றாள் இன்ஸ்பெக்டர். அவர் சொன்னார். மறுபடி சொல்லச் சொன்னாள். அவர் மறுபடியும் சொன்னார். இன்ஸ்பெக்டர் அழுதாள். அந்தப் பையன் போனபோது அழாததையும் சேர்த்து அழுதாள். எங்களில் யாரும் அவளைத் தடுக்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து, உள்ளே வாய்யா, உன்னை ஒன்றும் குத்த மாட்டார்கள் என்றாள்.

அவன் வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். சுற்றி நாங்கள் இருப்பதை மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

“உங்கண்ணனுக்குச் செய்யாம விட்டதை உனக்குச் செஞ்சுட்டேன்டி,” என்றான் பிள்ளையிடம்.

“யாரு செஞ்சது?” என்றாள் இன்ஸ்பெக்டர்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு பிள்ளையிடம் திரும்பி, நிதானமாகத் திருத்திச் சொன்னான்.

“உங்கம்மா செஞ்சா. நான் ஊசி மட்டும்தான் போட்டுக்கிட்டேன்.”

“அது,” என்றாள் இன்ஸ்பெக்டர், பிள்ளையைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள்.